சிறுவயதுத் துப்பறியும் கார்ட்டூன்களை நினைவூட்டும் திகில் மர்ம நாவல் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

எட்கர் கான்தெரோ ஆங்கிலத்தில் எழுதி 2017-இல் வெளிவந்த ‘மெட்லிங் கிட்ஸ்’ நாவலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஸ்கூபி டூ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் கதைப்போக்கு மனப்பாடமாக இருக்கும். பாழடைந்த மாளிகையில் ஒரு பேய் துரத்தும். கடைசியில் முகமூடியை இழுத்தால், சொத்துக்கோ புதையலுக்கோ ஆசைப்பட்ட மனிதர் ஒருவர் உள்ளே இருப்பார். 1969-இல் அத்தொடர் தொடங்கிய காலத்தில், கார்ட்டூன்களில் வன்முறை மிகுந்துவிட்டதாக அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்து வந்தன. ஆகவே அது யாருக்கும் காயம்படாத, பேயே இல்லாத பேய்க்கதையாக அமைந்ததில் வியப்பில்லை. கான்தெரோ கைவைப்பது அந்த உத்தரவாதத்தின் மீதுதான்.

ஓரிகன் மாநிலத்தில் பிளைட்டன் ஹில்ஸ் என்றொரு கற்பனை ஊர். (ஃபேமஸ் ஃபைவ் கதைகளை எழுதிய எனிட் பிளைட்டனுக்கு வைத்த வணக்கம் அந்தப் பெயர்.) அங்கே கோடை விடுமுறைகளில் துப்பறிந்துவந்த நான்கு சிறுவர்களும் ஒரு நாயும், 1977-இல் ஏரிப் பூதமாக வேடமிட்ட ஒருவனைப் பிடித்துக் கொடுத்தார்கள், அவன் சிறைக்குப் போனான், வழக்கும் முடிந்தது. ஆனால் அன்றிரவு அங்கிருந்த பழைய மாளிகை ஒன்றுக்குள் அவர்கள் கண்ட சிலவற்றுக்கு அந்த வேடம் விளக்கமாகவில்லை. நாவல் நிகழும் 1990-இல், துணிச்சல்காரி ஆண்டி சட்டத்துக்குத் தப்பி அலைகிறாள். உயிரியல் படித்த கெர்ரி மதுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நேட் மனநல மருத்துவமனையில் இருக்கிறான். திரைநட்சத்திரமாகிவிட்ட பீட்டர் இறந்துவிட்டான், ஆனாலும் நேட்டுடன் பேசுவதை நிறுத்தவில்லை. பழைய நாயின் வழிவந்த டிம் ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் நிம்மதியாக இருக்கிறது.

கார்ட்டூனில் முகமூடி கழன்றதும் பயம் முடிந்துவிடும். இங்கே பயம் தொடங்குவதே அங்கிருந்துதான். குற்றவாளியே ஒப்புக்கொண்ட, ஊரே நம்புகிற ஒரு விடை கையில் இருக்கும்போது, அது போதாது என்று அறிந்த குழந்தைகள் அதை யாரிடம் போய்ச் சொல்வார்கள்? யாரிடமும் சொல்ல முடியாத அந்த அச்சம் அவர்களுடனேயே வளர்ந்து பெரியவர்களின் வாழ்க்கையைச் சிதைத்திருப்பதைக் காட்டும் முற்பகுதிதான், என் பார்வையில், நாவலின் சிறந்த பகுதி.

மூவரும் நாயும் ஊருக்குத் திரும்பிய பின், கதை அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் தொல்தெய்வ உலகத்துக்குள் நுழைகிறது. திகிலை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே சிறிது ஏமாற்றம் உண்டு. பூதங்கள் கூட்டமாக வரத் தொடங்கியதும் அச்சத்தின் இடத்தைச் சண்டையும் நகைச்சுவையும் பிடித்துக்கொள்கின்றன. உரைநடை திடீரென்று திரைக்கதை வடிவத்துக்கு மாறுவதும், ஆசிரியர் சொற்களை இஷ்டப்படி வளைப்பதும் எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பாதி இடங்களில் பிடித்தது. கார்ட்டூன் சாயல் இருக்கிறதே என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். வன்முறையும் வசைச்சொற்களும் நிறைந்த இது பெரியவர்களுக்கான நாவல்.