ஆமைத் தொட்டிக்கு எந்த விளக்கு?

சிவப்புக்காது ஆமை வளர்ப்பவர்கள் விளக்கைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அக்கா, உள்ளங்கை அளவு குட்டி. தொட்டியின் மூடியிலேயே எல்இடி விளக்கு இருக்கிறது. பளிச்சென்று எரிகிறது. போதாதா?

போதாது. மீன் தொட்டியோடு வரும் எல்இடி நாம் பார்ப்பதற்கான வெளிச்சம். ஆமைக்கு வேண்டியது யூவிபி, அதாவது சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அது தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் உண்ட கால்சியம் உடலில் சேரும். இல்லாவிட்டால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். ஓடு மெத்தென்று ஆகும், கோணும், கால்கள் தளரும். கோணிய ஓடு பெரும்பாலும் திரும்பி நேராவதில்லை. குட்டிப் பருவத்தில்தான் இது வேகமாக நடக்கும் என்பதால் இன்றே கவனியுங்கள்.

ஊர்வனவற்றுக்கென்று விற்கும் நீளமான டி5 (ஒல்லியான குழல் வகை) யூவிபி குழல்விளக்கு நல்லது. ஆமை ஏறிக் காயும் மேடைக்கு நேர் மேலே, அட்டையில் குறித்த தூரத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் 30 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கக் கூடாது, அவை யூவிபியைத் தடுத்துவிடும். ஓராண்டில் குழலை மாற்றிவிடுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துபோயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: சூட்டுக்கு எத்தனை வாட் பல்பு?

வாட்டை வைத்துச் சொல்ல முடியாது. மேடையில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்: 32 முதல் 35 டிகிரி. சாதாரண ஹாலோஜன் பல்பே போதும். தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள், சூடான பல்பு வெடித்துவிடும்.

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். இங்கே வெயிலுக்குப் பஞ்சமா? விளக்கு விற்பவர்கள் சொல்வதை நீங்களும் சொல்கிறீர்கள். எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றில் ஆமை எந்த விளக்கும் இல்லாமல் பல வருடம் வாழ்ந்தது.

நேரடி வெயிலுக்கு இணையான விளக்கு கிடையாது, இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் கிணற்று ஆமையை இதற்கு உதாரணமாக ஏற்க மாட்டேன். அது பெரும்பாலும் நம் ஊர் நீர்நிலைகளில் வாழும் பால் ஆமை. உச்சி வெயில் கிணற்றுக்குள் இறங்கும். நத்தையையும் தவளையையும் ஓட்டோடும் எலும்போடும் தின்னும். சூடு தாங்காவிட்டால் ஆழத்துக்குப் போய்விடும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இதில் எது இருக்கிறது? தவிர, பால் ஆமை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதை வீட்டில் வைப்பதே குற்றம்.

கேள்வி: மதுரைக்காரர்தான் மீண்டும். அப்படியானால் தொட்டியை மொட்டை மாடியில் வைத்துவிட்டால் போதுமே?

தயவுசெய்து வைக்காதீர்கள். கண்ணாடித் தொட்டியில் ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் மளமளவென்று சூடேறும்; தப்பிக்க இடமில்லாமல் ஆமை வெந்து இறந்துவிடும். அகலமான பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள். பாதிக்குப் பலகை போட்டு நிழல் கொடுங்கள். காக்கை கொத்தாதபடி கம்பிவலை மூடுங்கள். காலை எட்டரைக்கு மேல் அரை மணி நேரம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தினமும் செய்ய முடிந்தால் விளக்கு வாங்காவிட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் சூரியன் தலைகாட்டாதே, அப்போது என்ன செய்வீர்கள்? அதற்காகவாவது ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன், நல்ல வெயில் விழுகிறது.

ஜன்னல் கதவு மூடியிருந்தால் விழுவது வெளிச்சமும் சூடும்தான். கண்ணாடி யூவிபியை விடாது.

கேள்வி: பால்கனியில் கண்ணாடித் தடுப்பு போட்டிருக்கிறோம், அதன் வழியாக…

கண்ணாடி. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கடையில் மலிவாக ஒரு யூவி விளக்கு கொடுத்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும், ஆமைக்கும் நல்லது என்றார்கள்.

உடனே அணையுங்கள். அது கிருமி கொல்லும் யூவிசி விளக்கு. வடிகட்டிக்குள் மூடிய நிலையில் மட்டுமே எரிய வேண்டியது. திறந்து எரிந்தால் ஆமையின் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும், உங்கள் கண்ணையும்தான். யூவி என்ற எழுத்தை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள்; யூவிபி என்று இருக்க வேண்டும், ஊர்வனவற்றுக்கு என்றும் இருக்க வேண்டும்.

கேள்வி: கண் வீங்கி மூடியே இருக்கிறது, சாப்பிடவில்லை. எந்த விளக்கு போடலாம்?

விளக்கு பிறகு. இன்றே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். பார்க்காமல் நான் சொல்வது தவறு.

கேள்வி: நட்சத்திர ஆமைக்கும் இதே விளக்கா?

அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: குளிருக்கு இரவில் சிவப்பு பல்பு எரியவிடலாமா?

வேண்டாம், சிவப்பு வெளிச்சமும் அதற்குத் தெரியும், தூக்கம் கெடும். பகலில் 12 மணி நேரம் எரிந்தால் போதும், டைமர் மாட்டுங்கள். இரவில் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீருக்குள் வைக்கும் ஹீட்டர் போடுங்கள், ஆமை கடிக்காதபடி உறையோடு.