மூட்டத்துக்குள் வழி சொல்லும் ஜிபிஎஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஐயா, நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பயணிகளை மலையேறக் கூட்டிப்போவதுதான் வேலை. போனில் டவர் கிடைக்காத இடங்களுக்கும் போகிறோம். கையில் வைத்துக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கலாமா, போனே போதுமா?

பதில்: தம்பி, டவர் இல்லாவிட்டால் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. அந்தச் சிக்னல் 20,000 கிலோமீற்றருக்கும் மேலே சுற்றுகிற செய்மதிகளிலிருந்து வருகிறது. நாலு செய்மதி பிடிபட்டால் போன் இடத்தைச் சொல்லிவிடும். டவர் இல்லாதபோது வராமல் போவது வரைபடம் மட்டும்தான். ஓஸ்மாண்ட் போன்ற செயலியில் இலங்கைப் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை. உலக முடிவு, லிப்டன் சீட் போல நன்றாக மிதிபட்ட பாதைகளுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

நக்கிள்ஸ், கிரிகல்பொத்த என்று போவதென்றால் கதை வேறு. மழைத்துளி பட்டால் போன் திரையில் படம் தானாக ஓடும், ஈர விரலை அது மதிக்காது. அதனால் தொடுதிரை வேண்டாம், பட்டன் உள்ள கருவியைப் பாருங்கள். பேட்டரியும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு பென்டோர்ச் பேட்டரி போடும் கருவி என்றால் வழியில் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கும். சார்ஜ் இறங்கிய போனுக்கு மலை உச்சியில் மருந்து கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கருவிக்குள் மின்னணுத் திசைகாட்டி இருக்கவேண்டும். நான் முதலில் வாங்கியதில் அது இல்லை. கிரேட் வெஸ்டர்ன் மலையிலிருந்து இறங்கும்போது பகல் பதினொரு மணிக்கே மூட்டம் அடைத்துவிட்டது. மானாப்புல் தலைக்கு மேலே. நின்று திரையைப் பார்த்தால் அம்பு ஒருதரம் தலவாக்கலைப் பக்கம் திரும்புகிறது, அடுத்த நிமிஷம் நானுஓயாப் பக்கம். திசைகாட்டி இல்லாத கருவிக்கு நாம் நடக்கும்போதுதான் திசை தெரியும், நின்றுவிட்டால் தெரியாது. பத்தடி நடந்து பார்க்கலாம் என்றால் இடதுபக்கம் பள்ளம். கூட வந்த இரண்டு பேரையும் உட்காரவைத்து, மூட்டம் விலகும்வரை முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். உங்களை நம்பி வருகிறவர்களுக்கு அந்த நிலை வரவே கூடாது.

இப்போது கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெளியே வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் 2.2 அங்குல வண்ணத்திரை, சுமார் 25 மணித்தியால ஓட்டம், இலவச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தை ஏற்றும் வசதி. திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் 32எக்ஸில் மட்டும். கூடுதல் பணம் அதற்குத்தான், கொடுக்கலாம். அழுத்தம் மாற மாற உயரமானி பிசகும். நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்குமே, புறப்படும்போது அதை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். கையில் காசு குறைவென்றால் இட்ரெக்ஸ் எஸ்ஈ: வரைபடம் கிடையாது, ஆனால் திசைகாட்டி உண்டு.

எதை வாங்கினாலும் ஏறத் தொடங்கும் இடத்தை முதல் வேலையாகக் குறித்துவிடுங்கள். மூட்டம் வந்தபிறகு குறித்துப் பயனில்லை.

கேள்வி: கட்டாரிலிருந்து வந்த சித்தப்பா மகன் பழைய கருவி ஒன்றைத் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா? – பண்டாரவளை வாசகி

பதில்: காசு கொடுக்குமுன் அரைமணி நேரம் கேளுங்கள், தங்கச்சி. பேட்டரி மூடியைத் திறந்து தகடுகளைப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் வேண்டாம். கேபிள் துளையை மூடும் ரப்பர் கிழிந்திருந்தாலும் தண்ணீர் போகும். பிறகு வாசலில் வானம் தெரிய வைத்துத் திகதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வாரக் கணக்கு 1,024 வரைதான் போகும், பிறகு பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6ஆம் திகதி. கருவி இருபது வருஷத்துக்கு முந்திய திகதியைக் காட்டினால் அதன் மென்பொருள் புதுப்பிக்கப்படவில்லை என்று அர்த்தம். இடத்தைச் சரியாகவே சொல்லலாம், ஆனால் பயணப் பதிவெல்லாம் தப்பான நாளில் விழும். புதுப்பிக்க முடிகிறதா என்று அவனையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

சொந்தக்காரரிடம் வாங்கும்போது உத்தரவாதம் கிடையாது. கடையில் புதிதாக வாங்குவதென்றால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் கருவியின் தொடர் இலக்கமும் இருக்கட்டும். பழுதைக் கடைக்காரர் ஏற்க மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம். அப்போது அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.