விண்மீன்களிடை வாயுவை ஆராயப் பத்து சென்டிமீட்டர் ஆடி போதுமா?

கேள்வி: சிறிய செயற்கைக்கோளில் 10 செ.மீ. ஆடியுள்ள புற ஊதாக் கருவியை வைத்து, விண்மீன்களுக்கிடையே விரவியிருக்கும் வாயுவையும் தூசியையும் ஆராய எங்கள் கல்லூரிக் குழு விரும்புகிறது. இவ்வளவு சிறிய ஆடியால் பயனுண்டா?

பதில்: பயனுண்டு. ஆனால் விண்மீனைப் பார்க்கும் தொலைநோக்கியையே சுருக்கிச் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். புள்ளியாகத் தெரியும் விண்மீனுக்கு ஆடியின் பரப்புதான் கணக்கு. வானில் பரந்து கிடக்கும் ஒளிக்கோ, அந்தப் பரப்பைக் கருவி ஒரே சமயத்தில் பார்க்கும் வானத்தின் அளவோடு பெருக்கி வருவதே கணக்கு. ஹபிளின் 2.4 மீட்டர் ஆடி உங்களுடையதைப் போல் 576 மடங்கு பெரியது. ஆனால் அதிலுள்ள ஸ்டிஸ் கருவி தொலைப் புற ஊதாவில் படமெடுப்பது 25 விகலைப் (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) பக்கமுள்ள சதுரத்தை மட்டுமே. நீங்கள் ஒரு பாகைப் பக்கமுள்ள சதுரத்தைப் பார்த்தால், அது ஏறத்தாழ 20,700 மடங்கு வானம். மற்ற இழப்புகள் சமமென்று கொண்டால், பெருக்குத்தொகையில் 36 மடங்கு முன்னே நிற்பது நீங்கள்தான். 2003இல் கொரியாவின் ஸ்டிசாட்-1 கோளில் சென்ற ஸ்பியர் என்ற சிறு நிறமாலைமானி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதியும் கருவி), சூடான வாயுவிலுள்ள கார்பன் அயனி 155 நானோமீட்டர் அருகே விடும் ஒளியை அகன்ற வானில் தேடியது இப்படித்தான்.

உங்களுக்குப் பெரிய தொல்லை பூமியிடமிருந்தே வரும். நம் வளிமண்டலத்தின் மேற்புற ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 130.4இலும் ஒளிர்ந்து, தேடும் மங்கலான ஒளியை மூழ்கடித்துவிடும். கால்சியம் ஃபுளூரைடு வடிகட்டி முதலாவதை மட்டும் தடுக்கும். பேரியம் ஃபுளூரைடு, 135க்குக் கீழே ஏறக்குறைய எதையும் விடாததால், இரண்டையும் தடுத்துவிடும். 2015இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் இவ்விரண்டு வடிகட்டிகளும் உண்டு. உங்களுக்குப் பேரியமே ஏற்றது என்பேன்.

ஆடிக்குப் பூசும் அலுமினியம் காற்றில் ஆக்சைடாகிவிடும் என்பதால் மெக்னீசியம் ஃபுளூரைடு மேற்பூச்சு தேவை; அது 115 நானோமீட்டருக்கு மேல் நன்றாக எதிரொளிக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறின் உட்கவர் பட்டைகள் (அது ஒளியை விழுங்கும் அலைநீளங்கள்) 112க்குக் கீழே இருப்பதால், 1999இல் ஏவப்பட்ட ஃபியூஸ் என்ற புற ஊதா விண்தொலைநோக்கி லித்தியம் ஃபுளூரைடையும் சிலிக்கன் கார்பைடையும் நாட வேண்டியிருந்தது. முந்தையது ஈரக்காற்றில் கெடும். கடலோர ஊர்களில் வேலைசெய்வோர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

வாயுவுக்கு நிறமாலைமானி வேண்டும். தூசிக்கு, அது சிதறடிக்கும் விண்மீன் ஒளியைப் பதியும் படக்கருவியே போதும், ஆனால் படம் கூர்மையாக இல்லாவிட்டால் மங்கிய விண்மீன்களின் ஒளியும் தூசியின் கணக்கில் ஏறிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும், ஆடியில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமே புற ஊதாவை விழுங்கிவிடும். ஆடி பொருத்தும் நாள் முதல் ஏவும் நாள் வரை கருவிக்குள் உலர் நைட்ரஜன் செலுத்தும் செலவை இப்போதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.