லாபம் தள்ளிக்கொண்டே போகிறது, பங்கை விற்றுவிடலாமா?

கேள்வி: ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதியை ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட்டேன். மூன்று ஆண்டுகளாக ‘அடுத்த ஆண்டு லாபம்’ என்கிறார்கள், நஷ்டம்தான் தொடர்கிறது. வாங்கிய விலையில் பாதிதான் இப்போது இருக்கிறது. காத்திருப்பதா, விற்பதா?
– வாசகர், ஈரோடு

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால், முடிவெடுக்கும் முன் நிர்வாகம் வாக்களித்தது எந்த லாபத்தை என்று பாருங்கள்.

உதாரணமாக, பேடிஎம் பங்கு 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்டு, பட்டியலான முதல் நாளிலேயே சுமார் 27 சதவீதம் சரிந்தது. 2022 ஏப்ரலில் அதன் தலைவர் விஜய் சேகர் சர்மா, ஆறு காலாண்டுகளுக்குள் செயல்பாட்டு நஷ்டம் நீங்கிவிடும் என்று பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதினார். 2022 டிசம்பர் காலாண்டிலேயே 31 கோடி ரூபாய் லாபம் காட்டி, சொன்னதற்கு முன்பே இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. அந்த லாபம், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தையது. ஊழியர்களுக்குப் பங்குகளாகத் தரும் ஊதியச் செலவும் அதில் சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், அதே காலாண்டின் நிகர நஷ்டம் 392 கோடி ரூபாய். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் சாதாரண முதலீட்டாளர் ‘லாபம்’ என்று கேட்டுப் புரிந்துகொள்வது இதையல்ல.

தங்கள் நிறுவனம் பங்குச்சந்தை ஆய்வாளர்களுடன் நடத்தும் கூட்டங்களின் எழுத்து வடிவம், சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிப்படி பங்குச்சந்தையின் இணையதளத்தில் கிடைக்கும். ஆண்டு முடிவுகளுக்குப் பிறகு நடந்த மூன்று கூட்டங்களின் பதிவுகளை எடுத்து, தாமதத்துக்குச் சொன்ன காரணங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஓர் ஆண்டு மூலப்பொருள் விலை, மறு ஆண்டு தேவைக் குறைவு, அதற்கடுத்து ஆலை அனுமதி என்று காரணம் மாறிக்கொண்டே போனால், திட்டமிடலிலேயே கோளாறு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மாறாக, ஒரே காரணத்தைச் சொல்லி, அது படிப்படியாகத் தீர்ந்து வருவதை எண்களில் காட்டியிருந்தால், இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாம்.

அதைவிட முக்கியமானது பணப்புழக்க அறிக்கை. தொழிலை நடத்துவதிலிருந்து கைக்கு வரும் பணம் ஆண்டுதோறும் எதிர்மறையாகவே இருந்து, அந்தப் பள்ளத்தைக் கடனாலோ புதிய பங்கு வெளியீட்டாலோ நிரப்பிவந்தால், விற்பனை எவ்வளவு உயர்ந்தாலும் நம்பிக்கை வைக்க முடியாது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி, விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்பதையும், நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய விலை திரும்பட்டும் என்று காத்திருப்பதுதான் பலரையும் மாட்டவைக்கிறது. நிறுவனத்தின் எதிர்காலத்துக்கும் அந்த விலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து நஷ்டத்தில் விற்றால், அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை மற்ற நீண்டகால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இது ஓய்வுக்காலப் பணம் என்பதால், பணப்புழக்கம் இன்னும் எதிர்மறையாக இருந்தால் பாதியையாவது இப்போதே விற்று வங்கி வைப்பில் போடுங்கள் என்பேன். மீதியை அடுத்த ஆண்டு முடிவுகள் வரை மட்டும் வைத்திருங்கள். அப்போதும் தேதியைத் தள்ளிப்போட்டால், அதையும் விற்றுவிடுங்கள்.