போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரர்களின் குடும்பங்கள் என்ன சிரமங்களைச் சந்திக்கின்றன?

பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பட்டாளத்துக்கு ஆள் போகாத தெருவே கிடையாது. அப்பா 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு, யாழ்ப்பாணம் போனவர். ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை. கூட இருந்த வடநாட்டுச் சிப்பாய்களுக்கு அங்கே கேட்டது வெறும் அழுகைச் சத்தம்; அப்பாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சோதனைக்குப் போன வீடுகளில் கிழவிகள் "நீயும் தமிழன்தானே தம்பி" என்பார்களாம். இதை அவர் என்னிடம் சொன்னதே ஒரு முறைதான், அதுவும் என் கல்யாணத்துக்குப் பிறகு.

1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்றுதான் ஊரிலும் பேச்சு. அங்கே சனங்கள் பட்டது பொய்யில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படையிலும் சுமார் 1,200 பேர் செத்தார்கள். அனுப்பியது டெல்லி, டீக்கடையில் பதில் சொன்னது அப்பா. 1999-ல் கார்கிலிலிருந்து வந்த பக்கத்துத் தெருப் பையனுக்கு ஊரே மாலை போட்டது. அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும்போது வழியில் ஒரு மதகு வரும். அங்கே என்னை இறக்கிவிட்டு, தான் மட்டும் முதலில் தாண்டிப் போய், அப்புறம்தான் "வா பாப்பா" என்பார். விளையாட்டு என்று நினைத்திருந்தேன். பாலத்துக்கு அடியில் கண்ணிவெடி வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

38 வயதில் பென்ஷனோடு வெளியே வந்து, வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல் வேலை. அவர் தூங்காத ராத்திரிகளை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு வைத்தியம் உண்டு என்றே எங்களுக்குத் தெரியாது.

அவர் போனபிறகு குடும்பப் பென்ஷனுக்கு அலைந்தது தனிக் கதை. பட்டாளத்து ஆவணத்தில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பதினான்கு மாதம் ஆனது. உங்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் ஆணையிலும் மனைவியின் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.