அடித்தவன் சிக்கவில்லை, இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: இரவில் யாரோ வழிமறித்துத் தாக்கியதில் அண்ணனுக்குக் கை முறிந்துவிட்டது. அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்கிறார்கள். ஆளே பிடிபடாதபோது எப்படிக் கேட்பது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சொல்லப்போனால் இந்த ஏற்பாடே அதற்காகத்தான் வந்தது. அடித்தவன் ஓடிவிட்டாலோ, பிடிபட்டும் கையில் காசில்லாதவனாக இருந்தாலோ அடிபட்டவர் யாரிடம் போய் நிற்பார்? நியூசிலாந்து 1963-இல் இதற்கென்றே சட்டம் போட்டது, அடுத்த ஆண்டு பிரிட்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தது, 1965-இல் கலிபோர்னியாவும். குற்றவாளியிடமிருந்து முழுசாகக் கிடைக்காதபோது அரசுகள் உதவ முயல வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையே 1985-இல் பிரகடனம் செய்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம். பொதுவாகத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் போலீஸில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல். விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். காயம் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்து பலர் கோட்டை விடுவது இங்கேதான். மருத்துவமனை ரசீதுகள், வேலைக்குப் போகாத நாட்களுக்கான சம்பளச் சான்று எல்லாவற்றையும் இன்றே ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காப்பீட்டிலிருந்து பணம் வந்திருந்தால் மறைக்க வேண்டாம், பெரும்பாலும் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பறிபோன செல்போனுக்கெல்லாம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், உடல் காயத்துக்கும் வருமான இழப்புக்கும்தான் முதலிடம்.

நிராகரித்துக் கடிதம் வந்தால் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால், எத்தனை நாளைக்குள் என்பது அதில்தான் இருக்கும்.