ஐந்து நாள் காந்தச் சிகிச்சை: அக்காவின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு 38 வயது. மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வு. இரண்டு வகை மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தும், காலையில் எழுந்து தலை வாரக்கூட மனமில்லாமல் கட்டிலிலேயே கிடக்கிறார். மூளைக்குக் காந்தம் வைத்து ஐந்தே நாளில் குணப்படுத்துகிறார்கள் என்று படித்தேன். இது ஷாக் சிகிச்சைதானா? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் முற்றக்கூடும்.

இது ஷாக் சிகிச்சை அன்று. அதில் மயக்க மருந்து கொடுத்து, மின்சாரத்தால் வலிப்பை வரவழைப்பார்கள். இதிலோ நோயாளி விழித்தபடியே நாற்காலியில் சாய்ந்திருக்க, காதுகளை அடைத்துவிட்டு, இடது நெற்றிக்குச் சற்று மேலே ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். மரங்கொத்தி கொத்துவதுபோலத் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். சுருளில் எழும் காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து, அடியிலுள்ள நரம்பணுக்களில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. தலைவலியும் களைப்பும் சிலருக்கு வரும். வலிப்பு மிக அரிது.

அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்ற பழைய முறைக்கு, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வரை மருத்துவமனைக்குச் சென்றுவர வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர் அதை ஐந்து நாளாகச் சுருக்கினார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், இடையில் ஐம்பது நிமிட ஓய்வு. அந்த ஓய்வு வீண் அன்று. நரம்பிணைப்புகள் அடுத்த தூண்டலை ஏற்கத் தயாராக அந்த அவகாசம் தேவை. தூண்ட வேண்டிய புள்ளி ஒவ்வொருவருக்கும் மாறும் என்பதால், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து அதைக் கண்டறிகிறார்கள்.

2021-இல் வெளியான அவர்களது ஆய்வில், உண்மையான சிகிச்சை பெற்ற 14 பேரில் 11 பேருக்கு அடுத்த நான்கு வாரங்களுக்குள் நோய்க்குறிகள் ஏறக்குறைய முழுமையாக அடங்கின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உண்மையானதுபோலத் தோன்றும் போலிச் சிகிச்சை பெற்ற 15 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வில் இப்படியொரு பலனைக் காண்பது அபூர்வம் என்பதால், எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை உண்டு. ஆனால் மொத்தம் 29 பேர்தான். பார்த்ததும் நான்கு வாரம்தான். சிலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்புகிறது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் சரிபார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் இம்முறைக்கு அனுமதி அளித்தது.

மாத்திரைகளுக்கு அடங்காத நோய் என்பதால், உங்கள் அக்காவுக்கு இது பொருந்துமா என்று மனநல மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி, முன்பு வந்த வலிப்பு, மட்டுமீறிய உற்சாகம் பொங்கிய நாட்கள், தூக்க மாத்திரைகள் என எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காந்தச் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதெல்லாம் இந்த ஐந்து நாள் முறை அன்று. எனவே ஒரு நாளைக்கு எத்தனை முறை, புள்ளியை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று கேட்டபின் பணம் கட்டுங்கள்.

சாவைப் பற்றி அவர் பேசினாலோ, சாப்பாட்டை அடியோடு விட்டாலோ, இந்தக் கருவிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் நீங்கள் அஞ்சும் ஷாக் சிகிச்சையே அவர் உயிரைக் காக்கக்கூடும்.